ஒரு மணி நேரம் தறி நிறுத்தம்

ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் தறி நிற்காது. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு? மழைக்கு நிற்காது, தேர்தலுக்கு நிற்காது. அமாவாசைக்கும் பண்டிகைக்கும் நிற்கும், அது காலண்டரிலேயே இருக்கிறது. மற்றபடி வேலை நாளில் தெரு முழுக்கச் சத்தம் ஒன்றாக அடங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெருவில் இழவு விழுந்திருக்கிறது. பிணத்தை எடுக்கும்வரை யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆள் அனுப்பிச் சொல்வதெல்லாம் வெளியூர் உறவுக்கு. தெருவுக்குச் சத்தம் நின்றதே சேதி.

நான் அந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை. கண்ணமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊரில் சாவு என்றால் மேளம் கொட்டும், பட்டாசு வெடிக்கும், ஊரே அலறும். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒருநாள் காலையில் தறிச்சத்தம் நின்றதும், "அப்பாடா, இப்பத்தான் காது குளிருது" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மூன்றாவது வீட்டில் கிழவர் போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றைக்கே கருகியிருக்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் தெருமுனையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வைத்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல். தெருவில் பாதிப் பேருக்கு என் நம்பர்தான் நம்பர். பெங்களூரிலிருந்து பெண்ணோ பையனோ கூப்பிட்டால் நான் ஓடிப்போய்க் கூட்டிவருவேன். எனக்கென்று வந்த போன் ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில். என் தம்பி.

ஒரே தம்பி. பட்டாளத்தில் இருந்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். மேடையில் அதை நாட்டுப்பற்று என்பார்கள். இருக்கட்டும், இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் என் தம்பி போனது எங்களுக்கு நிலம் இல்லாததால். அப்பா கடைசிவரை அடுத்தவர் கழனியில்தான் உழுதார். இவன் பள்ளிக்கூடம் முடித்தான், ஓடிக் காட்டினான், நெஞ்சை விரித்துக் காட்டினான், எடுத்துக்கொண்டார்கள். குள்ளம்தான், ஆனால் கெட்டியான உடம்பு. கார்கில் சண்டையின்போது அவனை அனுப்பவில்லை. அம்மா படவேட்டு அம்மனுக்கு மொட்டை போட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை அம்மன் என்ன செய்வாள்? டெல்லியில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து சுட்டார்களே, அந்த வருடக் கடைசியில் படை மொத்தத்தையும் எல்லைக்கு நகர்த்தினார்கள். இவனும் போனான். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினான்.

"எங்கடா கீற?"

"சொல்லக் கூடாதுக்கா. வெறும் வயலு, அதத் தாண்டினா மணலு. அவ்ளோதான்."

"இன்னா வேல?"

சொல்லக்கூடாததுதான், ஆனால் அக்காவிடம் அவனுக்கு வாய் நிற்காது. "பொதைக்கிறோம்க்கா. கால வெச்சா வெடிக்கும் பாரு, அது. கடுகு போட்டுகீறாங்க, மஞ்சளா பூத்து நிக்குது. அதுக்குள்ள போய் பொதைக்கிறோம். ஊரயே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாட்ட ஓட்டிகினு, கட்டிலத் தலையில வெச்சிகினு போறாங்க. நம்ம ஊர் ஆளுங்க மாதிரியேகீறாங்கக்கா."

"நம்ம ஆளுங்கதானடா அவங்களும்?"

"ஆமாக்கா. நம்ம பக்கந்தான்."

அந்தச் சமயத்தில் ஆரணியில் சண்டை வேண்டாம் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம். டீக்கடை, பஸ், சலூன் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. பட்டு வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், வீட்டு போன் பாதி நாள் வேலை செய்யாததால், என் பூத்துக்கு வந்துதான் வெளியூர்க் கடைகளோடு பேசுவார். பேசி முடித்தாலும் போக மாட்டார்.

"ஒரே அடி. மேப்புலயே அந்த நாடு இருக்கக் கூடாது. எத்தினி நாளைக்கிம்மா பொறுத்துகினு இருக்கறது?"

"உங்க பெரிய பையன அனுப்புங்களேன். வாட்டசாட்டமாத்தான கீறாரு" என்றேன்.

"இன்னா பேசற நீ? அவனுக்குக் கடை கீது."

"கரெக்ட்டுங்க. என் தம்பிக்குத்தான் கடை இல்ல."

மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார். அதன்பிறகு எதிர்த்தெரு பூத்துக்குத்தான் போனார். போகட்டும்.

சண்டை வேண்டாம் என்றவர்களில் முக்கியமானவர் ஒரு ரிட்டயர்டு கம்பவுண்டர். ஊரில் பாதிப் பேருக்குச் சிறுவயதில் அவர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மருந்தின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கும். அவரோடு நெசவாளர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், ஒரு வக்கீல், கண்ணாடிக் கடை பாய், பெண்கள் பள்ளி டீச்சர் ஒருவர். இவ்வளவுதான் கூட்டம். நம் பிரதமருக்கு ஒரு மனு, அந்த நாட்டு அதிபருக்கு ஒரு மனு. படையைப் பின்னால் எடுங்கள், உட்கார்ந்து பேசுங்கள் என்று இரண்டிலும் ஒரே வாசகம். அதில் கையெழுத்துக் கேட்டு மார்க்கெட்டில் நின்றார்கள். யாரோ பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பாய் கடை மேல் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். கம்பவுண்டரை விட்டுவிட்டு பாயைத் தேடிப்போய் ஊற்றியதிலேயே ஊற்றினவன் யோக்கியதை தெரிந்தது.

கம்பவுண்டர் என்னிடமும் வந்தார். "பட்டாளத்துக்காரன் அக்கா நீ. உன் ஒரு கையெழுத்து நூறு கையெழுத்துக்குச் சமம்மா."

"அதனாலதாங்க போட மாட்டேன்" என்றேன். "என் பேரப் பாத்துட்டு அவன் ஆபீசருங்க அவன நிக்க வெச்சிக் கேள்வி கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

அவர் வற்புறுத்தவில்லை. பேப்பரை மடித்து ஜோல்னாப் பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் தலையில் துண்டைப் போட்டபடி நடந்து போனார். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆறு பேர் மனு எழுதினால் நிற்கிற சண்டையா இது என்றுதான் நினைத்தேன்.

மே மாதத்தில் மறுபடி சூடு ஏறியது. டிவியில் அணுகுண்டு பற்றிச் சிரித்த முகத்தோடு பேசினார்கள். எந்த ஊர் வரைக்கும் வந்து விழும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்த வாரமே ஊரிலிருந்து ஆள் வந்து, அம்மாவுக்குக் காய்ச்சல், பினாத்துகிறாள் என்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூத்தை அப்படியே பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாமல் கண்ணமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன். அவசரத்தில் ஓடினதைத் தெருவே பார்த்தது. காரணம்தான் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கும் அங்கே போய்த்தான் பட்டறை போனில் சொன்னேன்; நான் இல்லாததால் அவரும் பட்டறையிலேயே தங்கிவிட்டார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, பயம்தான் என்று போனதும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த வாரம் போன் வந்தால் அவளே கேட்கட்டும் என்று நினைத்தேன். சேவூரில் இறங்கி, தெருமுனை திரும்பினோம்.

சத்தம் இல்லை.

ஒரு தறியும் ஓடவில்லை. அதோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல் நின்றார்கள். தெருமுனையில் எங்களைப் பார்த்ததும் எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. என் பூத் வாசலில் கம்பவுண்டர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைகூப்பினார்.

சேதி பூத்துக்கு வந்திருக்கிறது, நான் இல்லை, தெரு அறிந்துவிட்டது, தறியை நிறுத்திவிட்டார்கள். கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தறி நின்றால் என்ன என்பதை அவளுக்கு நான்தான் எப்போதோ சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தேன். "என்னப் பெத்த ராசா" என்று அவள் வாயிலிருந்து வந்தது ஒரு குரல். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் கணக்கும் சரிதானே? வெள்ளிக்கிழமை நான் தலைதெறிக்க ஊருக்கு ஓடினேன். இப்போது பெற்றவளோடு வந்து நிற்கிறேன், பெற்றவள் மண்ணில் விழுந்து கதறுகிறாள். ஊர் விலாசத்துக்குத் தந்தி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அழுதால் மற்றவள் கட்டிக்கொண்டு அழாமல் இருக்கக் கூடாது, அதுதான் முறை. எங்களைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து எங்களுக்கு நிச்சயமாயிற்று. நாங்கள் அழுவதைப் பார்த்து அவர்களுக்கு நிச்சயமாயிற்று. சேதி என்ற ஒன்று யாரிடமும் இல்லை. அவனைக் கண்ணாலும் பார்த்திராத ஒருத்தி, "தேக்கு மரம் போல வளந்தவனே" என்று ஒப்பாரி எடுத்தாள். அழுகைக்கு நடுவிலும் என் புத்தி, அவன் குள்ளம்டி என்றது.

அப்போது பூட்டிய பூத்துக்குள் போன் அடித்தது.

சாவி என் இடுப்பில் இருந்தது. எப்படித் திறந்தேன் என்று தெரியாது. ரிசீவரை எடுத்தால், தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல அவன்.

"அக்கா? ரெண்டு வாரமா லைன் கெடைக்கல. ரொம்ப பேஜார் பண்ணிட்டாங்க. நல்லா கீறியா?"

ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாருக்கா அழுவறது? இம்மாஞ் சத்தமா கேக்குது?"

"எதிர் வூட்டுல ஒரு கெழவிடா" என்றேன். "தவறிடுச்சி."

"ஐயோ. பாவம்க்கா. போய்ப் பாரு, நான் அப்பறம் பேசறேன்."

"வெச்சிராதடா!" என்று கத்தினேன். தெருவே அடங்கியது. அம்மாவை இழுத்துவந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். அவளால் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடிந்தது. "சாப்ட்டியா?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள், லைன் அறுந்த பிறகும் கேட்டாள்.

விஷயம் பிறகுதான் தெளிந்தது. சண்டை வேண்டாம் என்பதற்காக ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை தெருவில் தறியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்பது என்று நெசவாளர் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. சனிக்கிழமை ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னார்களாம். சங்கத்திலேயே ஒரு பெரியவர், "இழவுக்குத்தானய்யா தறி நிறுத்துவோம்" என்று ஆட்சேபித்தாராம். "அதுக்காகத்தான்யா. சண்டை வந்தா எப்படி இருக்கும்னு ஊருக்கு ஒரு மணி நேரம் கேக்கட்டும்" என்று கம்பவுண்டர் சொன்னாராம். ஊரிலேயே அது யாருக்கு முதலில் கேட்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. என்னிடம் சொல்லிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாராம். நான் ஊரில் இல்லையே, அந்த அம்மா காற்றிடமா சொல்லும்?

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, "உசிரோட கீறவனுக்கு ஒப்பாரி வெச்சா ஆயுசு கெட்டிம்மா" என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். ஒவ்வொரு தறியாக மறுபடி ஓட ஆரம்பித்தது. கம்பவுண்டர் மட்டும் நின்றிருந்தார். நான் விடவில்லை.

"சண்ட வோணும்னு சொல்றவனும் எங்களக் கேக்கல, வாணாம்னு சொல்ற நீங்களும் கேக்கல. உங்க ரெண்டு பேருக்கும் என் தம்பி செத்தாத்தான் வசதி, இல்ல?"

அம்மாதான் என் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. "அந்தக் காகிதம் எங்கப்பா கீது?" என்று அவரிடம் கேட்டாள். பையிலிருந்து எடுத்தார். பூத்தில் ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, இரண்டு மனுவிலும் வைத்தாள். அவர் காட்டிய இடத்தில் வைக்கவில்லை, நடு எழுத்துகள் மேலேயே வைத்தாள். நானும் அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். பயம் போய்விடவில்லை. பயத்தைவிடப் பெரியதாக ஒன்றைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

மனுக்களைத் தபாலில் அனுப்பினார்கள். எங்கிருந்தும் பதில் வரவில்லை. ஆனால் சண்டையும் வரவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். யார் யாரோடு பேசினார்கள், யார் யாரை மிரட்டினார்கள், எனக்கென்ன தெரியும்? அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். முதலாளி எதிரில் பார்த்தபோது, "ஒண்ணும் ஆவல பாத்தியா? சும்மா பயந்துகினு இருந்தீங்க" என்றார். கம்பவுண்டரைப் பார்த்தும் நான் சிரித்தேன். அவரும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

என் தம்பி மட்டும் திரும்பவில்லை. "எல்லாம் கெளம்பிட்டாங்கக்கா, எங்க ஆளுங்களுக்குத்தான் லீவு இல்ல. பொதைச்சத எடுக்கணுமே. நெலத்துக்காரங்க வந்து நின்னுகினு கீறாங்க, எப்பத் தருவீங்கன்னு."

"ஜாக்கிரதடா."

"படம் போட்டு வெச்சிகீறோம்க்கா, எங்க எங்க இருக்குதுன்னு. மணலுதான் காத்துல நகந்துகினே இருக்குது. சித்திரையில வரேன். அம்மாகிட்ட பொண்ணு பாக்கச் சொல்லு."

பெண் பார்த்தோம். வெம்பாக்கம் பக்கம், நர்சிங் படித்த பெண். போட்டோ என் பூத் மேசையில்தான் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றதுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில்தான் பேசினார்கள், மரியாதையாகப் பேசினார்கள், நான் யார் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சொன்னார்கள். நான் ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். அம்மா மேல்மூடியில் கையை வைத்துத் தலைமாடு எது என்று தடவித் தடவிப் பார்த்தாள். கூட வந்த சுபேதார் எங்கள் பக்கத்துக்காரர், மீசை நரைத்த மனிதர். ஆரணியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். முதலாளிதான் கூட்டிவந்திருந்தார். பெரிய மலர்வளையம், கொடி, மைக். வேனை விட்டு இறங்கியதுமே அந்த நாட்டின் பெயரைச் சொல்லி ஒழிக ஒழிக என்று கத்த ஆரம்பித்தார்கள். ரத்தத்துக்கு ரத்தம் என்றார்கள். ஊர்ப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்பவுண்டர் பஸ்ஸில் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் தூக்கும் நேரம். அம்மா அதுவரை அழாமலே இருந்தாள். பெண்கள் அவளை அழவைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. திடீரென்று எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். எங்கள் பக்கம் வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றினால், யாரைச் சொல்லித் தூற்றுகிறாளோ அவன் குடி விளங்காது. கூட்டம் அதைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தியது. "தூத்தும்மா! அவனுங்க நாசமாப் போகட்டும், தூத்தும்மா!" என்றார் முதலாளி. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

அம்மா கையை ஓங்கினவள் நின்றாள். சுபேதார் பக்கம் திரும்பினாள்.

"யாருப்பா பொதைச்சது? அவங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெத்தவ கேக்கறேன். சொல்லுப்பா."

"நம்ம பொதைச்சதுதாம்மா" என்றார் மெல்ல. "போன வருசம் அவன் கையாலயே வெச்சதுல ஒண்ணு."

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. கோஷம் அங்கே அடங்கியது. பின்னால் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவர்களும் அடங்கினார்கள். அம்மாவின் விரலிடுக்கில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சுபேதாரைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அப்ப யாரச் சொல்லித் தூத்தட்டும்டி?" என்றாள்.